பஞ்ச மாதங்களின் கணக்கு: நான்கு நிலப்பரப்புகளின் பிரைமேட் சமூகங்கள்



குரங்குகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குரங்கு என்று பொதுவாகச் சொன்னாலும் என் பொருள் கொஞ்சம் அகலமானது. குரங்குகள், தேவாங்குகள், லெமூர்கள், வாலில்லாக் குரங்குகள், மனிதர்களாகிய நாம் எல்லோரும் அடங்கிய விலங்கு வரிசையைப் பிரைமேட் என்கிறோம். ஒரே காட்டில் பல பிரைமேட் இனங்கள் சேர்ந்து வாழும்போது அந்தக் கூட்டத்தைப் பிரைமேட் சமூகம் என்று சூழலியல் சொல்கிறது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா ஆகிய நான்கு நிலப்பரப்புகளின் சமூகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டின் பிரைமேட் சமூகத்தைப் புரிந்துகொள்ள அது செழித்திருக்கும் மாதங்களைப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. பழம் வற்றும் மாதங்களைப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு கிராமத்துக்குப் போனால் எல்லா வீட்டிலும் சோறுதான் வேகும். ஆடி மாதம் போனால்தான் எந்த வீட்டில் நெல் இருக்கிறது, எந்த வீட்டில் கேழ்வரகு, எந்த வீட்டில் கிழங்கு என்பது தெரியும். காட்டுக்கும் அந்தக் கணக்குதான்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். 2017-ல் அலெஹான்ட்ரோ எஸ்ட்ராடாவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பின்படி உலகில் 504 பிரைமேட் இனங்கள். மத்திய, தென் அமெரிக்கப் பகுதியில் 171, ஆசியாவில் 119, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் 111, மடகாஸ்கரில் 103. மடகாஸ்கரின் பரப்பு தமிழ்நாட்டைப்போல நாலரை மடங்குதான். அந்த ஒரு தீவு ஒரு கண்டத்தோடு போட்டி போடுகிறது.

ஆனால் இந்த எண்கள் வகைப்பாட்டியலாளரின் கத்தியைப் பொறுத்தவை. 1990-களில் லெமூர் இனங்கள் என்று எண்ணப்பட்டவை ஐம்பதுக்கும் குறைவு. மரபணு ஆய்வு வந்த பிறகு, ஒன்று என்று நினைத்தது மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து நூறைத் தாண்டியது. காட்டில் ஒரு லெமூரும் கூடவில்லை, பட்டியல்தான் நீண்டது. ஆகவே ஒரு நிலப்பரப்பின் மொத்தத்தைவிட, ஒரு குறிப்பிட்ட காட்டில் எத்தனை இனங்கள் கூடி வாழ்கின்றன, அவை என்ன தின்கின்றன, எவ்வளவு எடை, பகலா இரவா, மரமா தரையா என்பதே ஒப்பீட்டுக்கு உதவும்.

இப்படிப்பட்ட ஒப்பீட்டை ஒழுங்காகத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ஜான் ஃப்ளீகிளும் கே ரீடும். 1995-ல் அவர்கள் இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். ஒன்று, ஒரு கண்டத்திலோ பெரிய தீவிலோ எவ்வளவு மழைக்காடு இருக்கிறதோ அதற்கேற்பப் பிரைமேட் இனங்களின் எண்ணிக்கை கூடுகிறது. இரண்டு, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் மூன்றிலும் மழை கூடக்கூட ஒரு காட்டில் வாழும் இனங்கள் கூடுகின்றன. ஆசியாவில் மட்டும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ரிச்சர்ட் கே குழுவினர் தென் அமெரிக்காவிலும் அது முடிவில்லாமல் ஏறுவதில்லை என்று காட்டினர். ஆண்டு மழை சுமார் 2,500 மில்லிமீட்டரை எட்டும்வரை இனங்கள் கூடுகின்றன, அதற்கு மேல் குறைகின்றன. மரங்களின் விளைச்சலும் ஏறக்குறைய அதே பாதையில்தான் ஏறி இறங்குகிறது.

மழையை அளப்பது எளிது என்பதால் மழையை அளந்தோம். குரங்கு தின்பது மழையை அல்ல, மரம் தருவதை. மரம் தருவது மாதத்துக்கு மாதம் மாறும்.

கொச்சா காஷுவின் ஐந்து குரங்குகள்

பெரு நாட்டின் மானு தேசியப் பூங்காவுக்குள் கொச்சா காஷு என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. ஜான் டெர்பர்க் அங்கே ஐந்து குரங்கினங்களை ஒன்றாகப் பின்தொடர்ந்து 1983-ல் ஒரு நூல் எழுதினார். பழுப்புக் கபுச்சின், வெள்ளை நெற்றிக் கபுச்சின், அணில் குரங்கு, இரண்டு வகை டாமரின்கள் ஆகியவை அந்த ஐந்து. ஒரு கபுச்சின் மூன்று கிலோ அளவு, ஒரு டாமரின் அரைக்கிலோவுக்கும் கீழ்.

மழைக்காலத்தில் இவற்றின் உணவுப் பட்டியலைப் பார்த்தால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஐந்தும் பழுத்த பழத்தைத் தின்கின்றன, பூச்சி பிடிக்கின்றன. ஒரே மரத்தில் அடுத்தடுத்து வந்து தின்பதும் உண்டு. இவை எப்படி ஒன்றையொன்று துரத்திவிடாமல் வாழ்கின்றன என்று கேட்டால் அந்த மாதங்களில் விடை கிடைக்காது.

வறண்ட மாதங்களில் பழம் சட்டென்று குறைகிறது. அப்போது ஐந்தும் ஐந்து திசைக்குப் பிரிகின்றன. பழுப்புக் கபுச்சின் பனையினக் கொட்டைகளுக்குப் போகிறது. அதன் தாடை தடித்தது, பல்லின் எனாமல் கனமானது. கல்லைப்போன்ற கொட்டையைக் கடைவாயில் வைத்து உடைத்துவிடும். வெள்ளை நெற்றிக் கபுச்சினுக்கு அந்த அளவு தாடை வலு இல்லை. அது காலை நம்புகிறது. எல்லையை விரித்து, காய்த்து நிற்கும் அத்தி மரத்தைத் தேடி நெடுந்தூரம் போகிறது. அணில் குரங்குக் கூட்டமும் பெரிய அத்திகளைத் தேடி அலைந்து, இடைப்பட்ட நாட்களைப் பூச்சியை வைத்துச் சமாளிக்கிறது. டாமரின்களோ பூத்த கொடிகளிலும் மரங்களிலும் தேனை நக்குகின்றன. பெரிய குரங்கைத் தாங்காத மெல்லிய நுனியில் சின்ன உடம்புக்கு இடம் கிடைக்கிறது.

கொச்சா காஷுவில் உள்ள தாவர இனங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை, ஒரு டஜன் அளவிலான இனங்கள், பழந்தின்னி விலங்குகளின் கூட்டம் முழுவதையும் வறண்ட மாதங்களில் தாங்குகின்றன என்று டெர்பர்க் பின்னால் கணக்கிட்டார். பனை, அத்தி, தேன் தரும் சில பூக்கள் ஆகியவையே அந்தப் பட்டியல். இந்த வரியை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பேச்சு முழுவதும் இதை நோக்கியே போகிறது.

இதே பாடத்தை ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் கிபாலே காடு சொல்கிறது. அங்கே சாம்பல் கன்ன மங்காபேயும் செவ்வால் குரங்கும் ஒரே உயரத்தில் ஒரே மரங்களில் மேய்கின்றன. மங்காபேயின் பல் எனாமல் தடிமனானது, செவ்வால் குரங்குக்கு மெல்லியது. தடித்த எனாமல் இருந்தால் நாள்தோறும் கடினமானதைத் தின்னும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஜோவானா லாம்பர்ட் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண காலத்தில் இரண்டும் தின்பவற்றின் கடினத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பழம் மிகவும் குறைந்தபோதுதான் மங்காபே மரப்பட்டைக்கும் கடினமான விதைக்கும் மாறியது. ஆண்டில் சில வாரங்களுக்கு, சில ஆண்டுகளில் மட்டும் தேவைப்படும் ஒன்றுக்காகவே அந்தப் பல் செதுக்கப்பட்டிருக்கிறது. பழுப்புக் கபுச்சினுக்கும் மங்காபேக்கும் மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் உறவு விட்டுப்போனது. பஞ்சம் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பல்லைக் கொடுத்திருக்கிறது.

இலையும் பழமும் சேர்ந்து வற்றும் காடு

ஒற்றுமையைச் சொன்னேன். இனி வேற்றுமை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இலையையே நம்பி வாழும் குரங்குகள் ஏராளம். ஆப்பிரிக்காவில் கொலோபஸ்கள், ஆசியாவில் மந்திகள். மாட்டைப்போல இவற்றின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது; நுண்ணுயிர்கள் நாரை உடைத்துத் தருகின்றன. மத்திய, தென் அமெரிக்காவில் 171 இனம் இருந்தும் இலையைப் பெருமளவு நம்பும் கூட்டம் ஊளைக்குரங்குகளோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அவற்றுக்கும் பல அறை இரைப்பை கிடையாது.

ஏன்? மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கான ஸ்லாத் அந்த இடத்தை முன்பே பிடித்துவிட்டது என்பது ஒரு பதில். டெர்பர்கும் காரெல் வான் ஸ்கைக்கும் 1987-ல் வேறொரு பதிலை முன்வைத்தனர். ஆப்பிரிக்க, ஆசியக் காடுகளில் பழம் குறையும்போது பல இடங்களில் தளிர் கிடைக்கிறது. பழந்தின்னி இலைக்கு மாறிக் காலத்தைக் கடத்தலாம். அந்தப் பழக்கம் நாளடைவில் இலைதின்னி வம்சங்களை வளர்க்கும். தென் அமெரிக்கக் காடுகளில் பழமும் தளிரும் ஒரே காலத்தில் வருகின்றன, ஒரே காலத்தில் வற்றுகின்றன. அங்கே இலை பஞ்சத்துக்கு உதவும் உணவாக அமையவில்லை. இது இன்னும் விவாதத்தில் உள்ள கருதுகோள்தான். ஆனாலும் ‘எவ்வளவு உணவு’ என்ற கேள்வியை ‘எப்போது எந்த உணவு’ என்று மாற்றியது இதன் பெரிய உதவி.

இலைதின்னிகளைப் பற்றிய இன்னொரு பெரிய ஒப்பீட்டில் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்கு உண்டு. களக்காடு–முண்டந்துறையின் மேல்மலையில் கக்காச்சி என்ற இடம். ஜான் ஓட்ஸ், பீட்டர் வாட்டர்மேன் குழுவினர் அங்கே கருமந்திகள் தின்னும் இலைகளையும் தொடாமல் விடும் இலைகளையும் பறித்து, புரதம், நார், டானின் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் அளந்து 1980-ல் வெளியிட்டார்கள். மந்தி கண்ட இலையையெல்லாம் மேய்வதில்லை. நாரும் துவர்ப்பும் மிகுந்த முற்றிய இலைகளை ஒதுக்கிவிட்டு, தேடித் தேடித்தான் தின்கிறது. சுற்றிலும் பச்சை நிற்கிறது என்பதற்காக அது எல்லாம் சாப்பாடு ஆகிவிடாது.

அதற்கு முந்தைய ஆண்டு, பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக்குரங்குகளை ஆராய்ந்த கேத்தரின் மில்டன், இலையில் புரதத்துக்கும் நாருக்கும் உள்ள விகிதமே தேர்வைத் தீர்மானிக்கிறது என்று சொல்லியிருந்தார். வாட்டர்மேனும் ஓட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1988-ல் அந்த விகிதத்தைக் கண்டங்களுக்கிடையே கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்காவின் கிபாலே, கேமரூனின் டுவாலா–எடேயா, மலேசியாவின் குவாலா லோம்பட், போர்னியோவின் செபிலோக், நம் கக்காச்சி ஆகிய காடுகளின் முற்றிய இலைகளை வரிசைப்படுத்தினார்கள். புரதம் கூடி நார் குறைந்த காட்டில் இலைதின்னிக் குரங்குகளின் மொத்த எடை கூடுதலாக இருந்தது. கிபாலே ஒரு முனை, செபிலோக் மறு முனை.

இதில் கவனிக்க வேண்டியது, அளந்தது முற்றிய இலையை. தளிர் கிடைத்தால் எந்த மந்தியும் முற்றிய இலையைத் தேடாது. தளிர் இல்லாத நாட்களில் வயிற்றை நிரப்புவது முற்றிய இலைதான். அந்த ஏழை உணவின் தரமே காடு எத்தனை மந்திகளைத் தாங்கும் என்பதைக் காட்டியது. பின்வந்த சில ஆய்வுகள் இந்த விகிதம் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று கேள்வி எழுப்பின. அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனாலும் திருநெல்வேலி மலையின் இலையையும் உகாண்டாவின் இலையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம் என்பதை நிறுவிய ஆய்வு இது.

பழம் பொய்க்கும் காடு

தென்கிழக்கு ஆசியாவுக்கு வருவோம். போர்னியோ, சுமத்ரா, மலேசியத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளில் ஓங்கி நிற்பவை நம் சால மரத்தின் குடும்பமான டிப்டெரோகார்ப் மரங்கள். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, காடு முழுவதும் ஒரே நேரத்தில் பூத்துக் காய்க்கும். வேறு குடும்ப மரங்களும் அந்த அலையில் சேர்ந்துகொள்ளும். ஒரே சமயத்தில் கொட்டினால் விதைதின்னிகள் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும். மரத்தின் தந்திரம் அது. அலை வடிந்த பிறகு குரங்குகளுக்கு நீண்ட காத்திருப்பு.

போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் செரில் நாட் ஒராங்குட்டான்களைப் பின்தொடர்ந்தார். காய்ப்பு உச்சத்தில் ஒரு பெண் ஒராங்குட்டான் நாளுக்குச் சுமார் 7,400 கலோரி உட்கொண்டது. சில மாதங்கள் கழித்துப் பழம் வற்றியபோது அது 1,800 ஆகச் சரிந்தது. மரத்தடியில் விரித்த தாளில் பிடித்த சிறுநீரைச் சோதித்தபோது கீட்டோன் தென்பட்டது. உடல் தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். செழிப்பில் சேர்த்துவைத்துப் பஞ்சத்தில் கரைப்பதே அதன் வாழ்க்கை முறை.

இதை வைத்துப் பார்த்தால் ஆசியாவின் வாலில்லாக் குரங்குகளின் குணம் விளங்கும். சிம்பன்சிகள் பெரும் கூட்டமாக வாழ்கின்றன. ஒராங்குட்டான் பெரும்பாலும் தனித்து அலைகிறது. தாயும் குட்டியும் மட்டுமே நிலையான கூட்டு, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு ஆண்டு இடைவெளி. கிப்பன்கள் சின்னக் குடும்பமாக ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு, அதை விடியற்காலைப் பாட்டால் காக்கின்றன. அந்த எல்லைக்குள் எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதை அறிந்திருப்பதுதான் அவற்றின் சொத்து. சுமத்ராவின் கெதாம்பே போல மண் வளமான, அத்தி மலிந்த காட்டில் அதே ஒராங்குட்டான்கள் ஒரே அத்தி மரத்தில் பலவாகக் கூடி உண்கின்றன. குணம் ரத்தத்தில் மட்டும் இல்லை, மரத்திலும் இருக்கிறது.

மழை அளவுக்கும் இன எண்ணிக்கைக்கும் ஆசியாவில் தொடர்பு தென்படாததற்கு இந்தப் பொய்க்கும் காய்ப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மழை கொட்டினாலும் மரம் தன் விருப்பப்படிதான் காய்க்கிறது.

காட்டின் அமைப்பும் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. பற்றிப் பிடிக்கும் வால் சிலந்திக் குரங்கு, ஊளைக்குரங்கு போன்ற அமெரிக்கக் குரங்குகளிடம் மட்டுமே உண்டு. ஆசியக் காட்டிலோ பறக்கும் அணில், கொலுகோ, பறக்கும் ஓணான் என்று சறுக்கிப் பறப்பவை அதிகம். லூயிஸ் எம்மன்ஸும் அல்வின் ஜென்ட்ரியும் 1983-ல் இதற்குக் கொடிகளைக் காரணமாகக் காட்டினர். போர்னியோவில் மரத்துக்கு மரம் பாலமாக நிற்கும் பெருங்கொடிகள் குறைவு, ஆகவே தாவ வேண்டும் அல்லது மிதக்க வேண்டும். அமெரிக்கக் காட்டில் ஒடியும் பனை மட்டைகள் மிகுதி, ஐந்தாவது கை இருந்தால் பிழைக்கலாம்.

தீவின் சிக்கனம்

மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்து 16 கோடி ஆண்டு இருக்கும். லெமூர்களின் மூதாதையர் அதற்கு வெகுகாலம் கழித்து, மிதந்துவந்த தாவரக் குவியல்களில் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. வந்தவை அங்கே குரங்குகளைக் காணவில்லை, மரங்கொத்தியையும் காணவில்லை. தீவு முழுவதும் திறந்து கிடந்தது.

அந்தத் திறந்த இடங்களில் ஒன்றை நிரப்பியது ஐ-ஐ என்ற லெமூர். இரண்டரைக் கிலோ எடை, எலியைப்போல வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள், குச்சியாக மெலிந்த நடுவிரல். இரவில் கிளைமேல் ஊர்ந்தபடி அந்த விரலால் மரத்தைத் தட்டும். காதை முன்னே சாய்த்து, உள்ளே புழு குடைந்த பொந்தின் ஒலியைக் கேட்கும். பல்லால் மரத்தைக் குடைந்து, அதே விரலை விட்டுப் புழுவைக் கிளறி எடுக்கும். மரங்கொத்தி இல்லாத நாட்டில் ஒரு பிரைமேட் மரங்கொத்தியின் வேலையைச் செய்கிறது.

ஆனால் தாராளமாகத் தோன்றும் இந்தத் தீவு உணவில் கஞ்சத்தனமானது. மடகாஸ்கரின் பழங்களில் புரதம் தென் அமெரிக்கப் பழங்களைவிடக் குறைவு என்று யோர்க் கான்ஸ்ஹார்னும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். பழத்தையே நம்பும் லெமூர்கள் குறைவாகவும் இலைதின்னிகள் மிகுதியாகவும் இருப்பதற்கு அது ஒரு விளக்கம். மேற்கே வறண்ட காட்டில் மழையில்லா மாதங்கள் நீளம். கிழக்கே புயலும் குளிரும் காய்ப்பைக் கெடுக்கும். லெமூர்களின் விசித்திரங்கள் பலவும் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவதோடு தொடர்புள்ளவை என்று பட்ரிசியா ரைட் வாதிட்டார். பகலிலும் இரவிலும் மாறி மாறி நடமாடுவது, பெண் லெமூர் ஆணை விரட்டி முதலில் உண்பது எல்லாம் அதில் அடங்கும். கொழுத்த வால் குள்ள லெமூர் இதில் உச்சம்: வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மரப்பொந்துக்குள் ஏழு மாதம் வரை உறங்கிவிடுகிறது.

ரானோமஃபானா மழைக்காட்டில் மூங்கில் தின்னும் லெமூர்கள் மூன்று சேர்ந்து வாழ்கின்றன. அவற்றில் பொன்னிற மூங்கில் லெமூர் 1987-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அது நாள்தோறும் அரைக்கிலோ அளவு தின்னும் ராட்சத மூங்கிலின் தளிரில், அந்த உடல் எடைக்கு உயிர்போகும் அளவைப்போலப் பல மடங்கு சயனைடு இருக்கிறது. அதை எப்படித் தாங்குகிறது என்பதைவிட, ஏன் அங்கே போனது என்பதே என்னை ஈர்க்கும் கேள்வி. மற்றவை தொட அஞ்சுவது எப்போதும் மிஞ்சிக் கிடக்கும். மிஞ்சிக் கிடப்பதுதான் பஞ்சத்தில் கைகொடுக்கும்.

இல்லாதவர்களின் பட்டியல்

பஞ்சம் மட்டுமே எல்லாவற்றையும் எழுதுகிறது என்று சொன்னால் அது மிகை. வரலாறு ஒன்று இருக்கிறது. இன்றைய மடகாஸ்கரில் மிகப்பெரிய லெமூரான இந்திரி பத்துக் கிலோவைக்கூட எட்டுவதில்லை. ‘தீவு என்பதால் சிறிய விலங்குகள்’ என்று எழுதிவிடத் தோன்றும். குகைகளிலும் சதுப்புகளிலும் கிடைத்த எலும்புகள் அதை மறுக்கின்றன. மனிதர் வந்த பின் 17 இனங்களுக்குக் குறையாமல் அழிந்தன. அவை எல்லாமே இன்றிருப்பவற்றைவிடப் பெரியவை. ஆர்க்கியோஇந்திரிஸ் கொரில்லாவின் எடை கொண்டது. தென் அமெரிக்கக் குரங்குகள் பன்னிரண்டு கிலோவைத் தாண்டாது என்ற பொதுவிதியும் அப்படித்தான். பிரேசிலின் குகைகளில் கிடைத்த புரோட்டோபிதிகஸ் இருபது கிலோவுக்கு மேல் இருந்தது. இன்றைய பட்டியல்களை மட்டும் ஒப்பிடுவது, மிஞ்சியவற்றை ஒப்பிடுவதாகவே முடியும். கொரில்லாவும் சிம்பன்சியும் பபூனும் இன்னும் இருப்பதால் ஆப்பிரிக்கச் சமூகம் நிறைவாகத் தெரிகிறது.

அருகில் யார் வாழ்கிறார்கள் என்பதும் முக்கியம். கிபாலேயின் ங்கோகோ பகுதியில் சிம்பன்சிகள் செங்கொலோபஸ்களை வேட்டையாடியே அவற்றின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டன. இலை இருந்தும் இலைதின்னி குறைந்தது. ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டிலோ செங்கொலோபஸ்கள், ஆபத்தை முன்கூட்டியே உணரும் டயானா குரங்குகளோடு சேர்ந்து திரிகின்றன. ஒரு பிரைமேட்டின் பயத்தை வேறொரு பிரைமேட் தணிக்கிறது. குரங்குகளைக் குரங்கே வேட்டையாடும் இந்தக் கணக்கு அமெரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இந்த அளவுக்கு இல்லை. அங்கே கழுகும் பூனையினமும், மடகாஸ்கரின் ஊனுண்ணியான ஃபோசாவும் அந்த வேலையைச் செய்கின்றன.

ஆகவே மூன்று கேள்விகள். யார் வந்தார்கள்? யார் அழிந்தார்கள்? மிஞ்சியவர்கள் பஞ்ச மாதத்தில் எதைத் தின்கிறார்கள்? முதல் இரண்டை நம்மால் மாற்ற முடியாது. மூன்றாவதில் நம் கை இருக்கிறது.

நம் மலைகளுக்கு இதில் என்ன

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கில் ஐந்து பிரைமேட்டுகள் உண்டு: சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு, கருமந்தி, சாம்பல் மந்தி, நாட்டுக் குரங்கு, தேவாங்கு. கிப்பன் பிரம்மபுத்திராவுக்குத் தெற்கிலும் கிழக்கிலும்தான் உண்டு. நம் மலைக்கு வாலில்லாக் குரங்கு ஒன்றுமே இல்லை. பெரிய பழந்தின்னியின் வேலையைச் சோலைமந்தி பார்க்கிறது.

அதற்கு உயிர்நாடி வெடிப்பலா மரம். 1970-களில் அசம்பு மலையில் ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கௌஸ்கியும் செய்த ஆய்விலேயே இது தெளிவானது. வெடிப்பலாவின் பூக்கள் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக வரும். இதழ்கள் கிடையாது, சதைப்பற்றான குழல்தான் பூ. பழம் குறைந்த காலத்தில் பூக்கும். மந்திகளும் மலையணிலும் அந்தப் பூக்களை மேய்கின்றன. கக்காச்சியில் கணேஷும் சௌபத்ரா தேவியும் செய்த ஆய்வில், பூவைத் தின்ன வரும் இந்த விலங்குகளே மகரந்தத்தையும் சுமந்து மரத்துக்கு உதவுவது தெரிந்தது. பின்னர் முள் போர்த்திய காயைச் சோலைமந்தி பல்லால் பிளந்து விதையை எடுக்கிறது. கொச்சா காஷுவுக்குப் பனை எப்படியோ, களக்காட்டுக்கு வெடிப்பலா அப்படி.

வால்பாறைப் பக்கம் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே துண்டாகிப்போன புதுத்தோட்டம் போன்ற காடுகளில் சோலைமந்திகள் வேறு வழி தேடிக்கொண்டன. காப்பிக்கு நிழலாக வைத்த மேசாப்சிஸ் மரத்தின் பழத்தைத் தின்கின்றன. அது உகாண்டாக் காடுகளின் மரம். தரையில் இறங்கி நடக்கின்றன, சாலையைக் கடக்கின்றன, வீடுகளையும் எட்டிப் பார்க்கின்றன. பஞ்சகால உணவை எடுத்துவிட்டால் விலங்கு உடனே சாவதில்லை, முதலில் அதன் வாழ்க்கை முறை மாறுகிறது. நாம் அதைத் தொல்லை என்று புகார் எழுதுகிறோம்.

காட்டின் நிலையைப் பரப்பால் அளக்கிறோம்: இத்தனை ஹெக்டேர், இத்தனை சதவீதம் பசுமை. ஆயிரம் ஹெக்டேரில் ஒரு டஜன் மர இனத்தை மட்டும் எடுத்துவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. குரங்குக்குக் காடு போய்விடும். அத்தி மரத்துக்கு மர வியாபாரத்தில் விலை இல்லை, கோணலாக வளரும், பலகைக்கு ஆகாது. அதனாலேயே நடுபவர்களும் அதை நினைப்பதில்லை. உலகின் பிரைமேட் இனங்களில் சுமார் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன, 75 சதவீதத்தின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கிறது என்று நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அதே 2017 தொகுப்பு சொல்கிறது. வேட்டை, சுரங்கம், எண்ணெய்ப்பனைத் தோட்டம், மேய்ச்சல் நிலம் என்று காரணங்கள் பல. அவற்றையெல்லாம் இந்த அரங்கிலிருந்து நிறுத்த நம்மால் ஆகாது.

ஆனால் ஒன்று செய்ய முடியும், அதை மாணவர்களிடமே கேட்கிறேன். உங்கள் கல்லூரிக்கு அருகே உள்ள ஒரு காட்டையோ கோயில்காட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மரங்களுக்கு எண் இடுங்கள். மாதம் ஒருமுறை போய், எது தளிர்க்கிறது, எது பூக்கிறது, எது காய்க்கிறது என்று பதியுங்கள். ஒரு தொகுதி மாணவர்கள் போனால் அடுத்த தொகுதி தொடரட்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு தொலைநோக்கியும் நோட்டும் போதும். ஐந்தாறு ஆண்டுகளில் அந்தக் காட்டின் பஞ்ச மாதங்கள் எவை, அப்போது தாங்கும் மரங்கள் எவை என்பது தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை வனத்துறையின் கையில் கொடுங்கள். சிதைந்த காட்டில் நடும்போது முதலில் நட வேண்டியவை அவைதான். கொச்சா காஷுவும் கிபாலேயும் உலகப் புகழ் பெற்றது அங்கே அபூர்வ விலங்கு இருப்பதால் மட்டும் அல்ல. யாரோ ஒருவர் ஒவ்வொரு மாதமும் அதே மரத்தடிக்குத் திரும்பப் போய் அண்ணாந்து பார்த்து எழுதி வைத்ததால். அந்த வேலை இங்கும் தொடங்கட்டும்.